முன் சீட்டில் உட்கார்ந்தவள்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு வயது பதினாறு, படிப்பது பதினொன்றாம் வகுப்பு. உன் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆகவே இதைப் படிக்கிற நீ வளர்ந்த ஆள். மீசை வைத்திருப்பாய். ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரைப் போட்டுப் பத்திரிகை அடித்திருப்பாய். அப்படிப்பட்டவனிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். அதோடு, இந்த வீட்டில் யார் கையில் இது சிக்கினாலும், பிறக்காத பிள்ளைக்கு எழுதியது பள்ளிக்கூடத்துக் கட்டுரை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். மேசை விளக்கின் மேல் துப்பட்டாவைப் போட்டிருக்கிறேன். ஹாலில் சோபா ஒவ்வொரு முறை கிறீச்சிடும்போதும் நோட்டை மூடிவிடுகிறேன். சோபாவில் படுத்திருப்பவர் உனக்குத் தாத்தா, எனக்கு அப்பா. இன்று மாலைதான் சலாலாவிலிருந்து வந்தார். நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஷார்ஜாவிலிருந்து பெரியப்பா வருவார். இரண்டு பேரும் என்னை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பார்கள். நான் சொல்லும் பதிலை வைத்து அம்மா இந்த நாட்டில் இருப்பாளா, மதுரைக்கு மூட்டை கட்டுவாளா என்று முடிவாகும். அம்மாவின் பாஸ்போர்ட் இப்போது என் பள்ளிப் பையில், வேதியியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. எடுத்து வைத்தது நான்தான். அப்பா சொன்னார், வைத்தேன். துப்பட்டாவால் வெளிச்சமும் போதவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் கதைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அங்கேதான் ஆரம்பித்தது. அபுதாபியில் வளரும் எங்களுக்கு அரபு நாட்டுப் பழைய கதைகள் பள்ளியிலேயே வந்துவிடும். அரபி வகுப்பில் சுருக்கித் தருவார்கள். நூலகத்தில் படம் போட்ட தடித்த ஆங்கிலப் புத்தகங்களாக ஒரு அலமாரி நிறைய இருக்கும். கம்பளம் பறக்கும், பூதம் வரும் என்று ஆசையாகத்தான் எடுத்தேன். நாற்பது கதை படித்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. அவற்றில் ஆண் மூன்று வருடம் ஊரைவிட்டுப் போனால் அது வியாபாரம். பெண் மூன்று நிமிடம் ஜன்னலில் நின்றால் அது கள்ளத்தனம். ஒருவன் மனைவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அந்தப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டே திரிகிறான். அப்படியும் அவள் அவனை ஏமாற்றிவிடுகிறாள். கதை சொல்கிறவருக்கு இதில் ஒரே ஆச்சரியம், பெண்கள் இவ்வளவு கெட்டவர்களா என்பதுதான். ஒருத்தியைப் பெட்டியில் போட்டுச் சுமந்து திரிகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று அவருக்குக் கேட்கவே தோன்றவில்லை. பெட்டியின் மரம் என்ன மரம், பூட்டு எத்தனை பூட்டு என்பதை மட்டும் ரசித்து ரசித்துச் சொல்கிறார்.

நல்ல மனைவிகளின் கதைகள் இன்னும் மோசம். புருஷன் புனித யாத்திரை போகிறான், மனைவியைத் தன் தம்பியின் காவலில் விட்டுவிட்டு. தம்பி அவள் மேல் ஆசைப்படுகிறான், அவள் மறுக்கிறாள், அவன் அவள் மேலேயே பழியைப் போடுகிறான். ஊர் கூடிக் கல்லெறிந்து பாலைவனத்தில் தள்ளிவிடுகிறது. அவள் எப்படியோ பிழைத்து, நோய் தீர்க்கிறவளாகப் பேர் வாங்குகிறாள். பழி போட்டவன், கல்லெறிந்தவன், நம்பாமல் போன புருஷன் எல்லோரும் வியாதியோடு அவளிடமே வந்து நிற்கிறார்கள். அவள் குணப்படுத்தி, மன்னித்து, அதே புருஷனோடு வீட்டுக்குப் போகிறாள். புத்தகத்தைப் படாரென்று மூடினேன். அவள் சுத்தமானவள் என்று கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களாம். நாங்கள் அசிங்கமானவர்கள் என்று ஒருவனாவது ஒத்துக்கொண்டானா? இல்லை. நம் பக்கத்துக் கதைகள் மேல் என்று நினைத்துவிடாதே. அங்கே பாலைவனம் இல்லாததால் நாம் நெருப்பு மூட்டுவோம், அவ்வளவுதான். அந்த அரபுக் கதைகளில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், அதில் வரும் பெண்கள் எல்லோருமே ஆண்களைவிடப் புத்திசாலிகள். சொல்கிறவனுக்கே அது தெரிந்து பயந்துபோயிருக்கிறான். அந்தப் பயத்துக்குத்தான் நீதி என்று பெயர் வைத்துக் கதையின் கடைசியில் ஒட்டியிருக்கிறான்.

போன மாதம் பள்ளியில் கதை சொல்லும் போட்டி நடந்தது. நான் எடுத்துக்கொண்டது கிளிக் கதை. ஒரு வியாபாரி பயணம் போகிறான். போகும் முன் பேசும் கிளி ஒன்றை வாங்கி வீட்டில் வைக்கிறான். மனைவியை வேவு பார்க்கத்தான். திரும்பி வந்ததும் கிளி எல்லாவற்றையும் ஒப்பிக்கிறது. அடுத்த முறை அவன் போனபோது மனைவி கூண்டின் மேல் தண்ணீர் தெளித்து, பக்கத்தில் திருகையைச் சுற்றச் சொல்லி, கண்ணாடியில் வெளிச்சம் காட்டி, இடி மின்னல் மழை என்று கிளியை நம்ப வைக்கிறாள். வியாபாரி வந்ததும் கிளி, ராத்திரி முழுக்கப் புயல் என்கிறது. வானம் தெளிவாக இருந்ததே, இந்தக் கிளி பொய் சொல்கிறது என்று அவன் அதைக் கொன்றுவிடுகிறான். நான் கிளி மாதிரிக் குரலை மாற்றி, கைகளால் மின்னல் காட்டிச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், கடைசியில் கிளிக்காக உச்சுக்கொட்டினார்கள். முதல் பரிசு கொடுத்தார்கள். நானும் கிளிக்காகத்தான் வருத்தப்பட்டேன். என் அப்பா என்னைக் கூப்பிடுவதும் கிளி என்றுதான் என்பது அந்த மேடையில் எனக்கு ஞாபகமே வரவில்லை.

அப்பா சிவில் இன்ஜினியர். கம்பெனி இங்கே அபுதாபியில், ஆனால் மூன்று வருடமாக ப்ராஜெக்ட் ஓமானில், சலாலாவில். ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருவார். என் படிப்புக்காக நானும் அம்மாவும் இங்கேயே நஜ்தா தெரு ஃபிளாட்டில் இருக்கிறோம். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் கூப்பிடுவார். எனக்குப் பத்து நிமிடம், அம்மாவுக்கு இரண்டு நிமிடம். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொன்னால் புரியாது. "என்னடா கிளி, என்ன சேதி?" என்றுதான் ஆரம்பிப்பார். அம்மா எங்க, மார்க்கெட்டுக்கு யாரு கூடப் போனா, கீழ்வீட்டு அங்கிள் பேசுனாரா, என்ன பேசுனாரு. நான் ஒப்பித்துக்கொண்டே இருப்பேன். பாசம் என்று நினைத்தேன். மூன்று வருடம் ஒருவர் என்னிடம் என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்பது இந்த வாரம்தான் உறைத்தது.

அப்பாவுக்கு யாரும் கிளி வைக்கவில்லை. போன ஜூலையில் அம்மாவுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் அப்பா போனையே எடுக்கவில்லை. "இங்க கரீஃப் மழ, டவர் கெடைக்கல" என்றார் மூன்றாம் நாள். சலாலாவில் அந்த மாதங்களில் சாரல் பெய்யும், உண்மைதான். டவர் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அம்மா "சரிங்க, பாத்து இருங்க" என்று சொல்லிவிட்டு ரசம் வைக்கப் போனாள் என்பதை மட்டும் சொல்கிறேன். மழை என்று அவர் சொன்னால் மழை. அம்மா சொன்னால் அதை ஒரு குழந்தையை விட்டு நனைந்து பார்க்கச் சொல்வார்கள்.

அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. இரண்டு வருடம் முன்பே கேட்டாள். "லைசென்ஸ் எடுத்து எங்க ஓட்டிட்டுப் போகப் போற?" என்று அப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. கேட்காமலே முசஃபாவில் உள்ள டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள், என்னிடமும் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள், நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில், கார் லிஃப்டில் போய் வந்திருக்கிறாள். கார் லிஃப்ட் உன் காலத்தில் இருக்குமோ என்னவோ. சொந்தக் கார் வைத்திருக்கும் ஒருவர், வேலைக்குப் போகிற நாலு பேரைத் தினமும் ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கிவிடுவார். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க முடியாதவர்கள் இங்கே பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நீ என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். போன வாரம் இயற்பியலில் மார்க் குறைந்ததற்காக அம்மா என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அப்பா கூப்பிடும்போது மட்டும் கையில் தருவாள். மறுநாள் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, எதிரே மூலைக்கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. முன் சீட்டிலிருந்து அம்மா இறங்கினாள். ஓட்டிய ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும், ஏதோ சொன்னார், அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பின் சீட்டில் மூன்று நர்ஸுகள், யூனிஃபார்மோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் சாப்பாட்டுப் பை. அதையும் நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

அன்று மாலை அப்பா கூப்பிட்டார்.

"என்னடா கிளி, என்ன சேதி?"

"அம்மா ஒரு வெள்ளக் கார்ல வந்து எறங்குனாங்கப்பா."

"யாரு காரு?"

"தெரியல. ஒரு அங்கிள் ஓட்டுனாரு."

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "முன் சீட்டா, பின் சீட்டா?"

"முன் சீட்."

"சிரிச்சிட்டிருந்தாளா?"

"ஆமாப்பா."

"சரி, வை."

நர்ஸுகளைப் பற்றி நான் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை, மகனே. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன். அம்மாவுக்கு நாலு திட்டு விழட்டும், போனைப் பிடுங்கினாள் அல்லவா என்று நினைத்தேன். கதையில் வரும் கிளியாவது ஏமாந்துபோய்ப் பொய் சொன்னது. நான் உண்மையையே பாதியாக வெட்டிக் கொடுத்தேன்.

திட்டோடு நிற்கவில்லை. அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா டிரைவிங் ஸ்கூல் ஃபைலைக் கேமரா முன்னால் விரித்துக் காட்டினாள். அது இன்னும் பெரிய குற்றமாகிவிட்டது, மறைத்தாள் அல்லவா? சரி மறைத்தாய், ஆனால் முன் சீட்டில் எதற்கு ஏறினாய், அந்த ஆளுக்கும் உனக்கும் என்ன சிரிப்பு? "நீங்களே ஒரு முடிவோட கேக்கறீங்க, நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து "நீயா?" என்று மட்டும் கேட்டாள். நான் இயற்பியல் புத்தகத்தைத் திறந்தேன். தோசை ஊற்றிக் கொடுத்தாள். அம்மாவின் விசா அப்பாவின் பேரில் இருக்கிறது. அவர் கேன்சல் போட்டால் கலாஸ், கதை முடிந்தது, அம்மா கிளம்ப வேண்டியதுதான். "ஒரு வருசம் ஊர்ல இருந்துட்டு வரட்டும், நீ பெரியப்பா வீட்ல இருந்து படி, அவ பாஸ்போர்ட்ட எடுத்து ஒன் பையில வை" என்று என்னிடம் சொன்னார். தீர்ப்பு முடிந்தபிறகு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கதைகளிலும் அப்படித்தான்.

பெரியப்பாவைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு எல்லோரும் ஒரே காரில் சலாலாவுக்குப் போனோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், பாதி வழி வெறும் மணல். அம்மாவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். எப்போதும் முன்னால்தான் உட்காருவாள், கையில் எலுமிச்சம்பழத்தோடு. அன்று பெரியவர் என்ற மரியாதைக்காகப் பெரியப்பா முன்னால் ஏறிக்கொண்டார். "அதெல்லாம் மனப்பிராந்தி, கண்ண மூடிக்கிட்டா சரியாப் போகும்" என்று அம்மாவுக்கு வைத்தியமும் சொன்னார். ஹைமா என்ற சின்ன ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் அம்மா அவருடைய கழுத்துக்குப் பின்னால், புதுச் சட்டை மேல் வாந்தி எடுத்தாள். பெரியப்பா சட்டையைக் கழற்றிப் பனியனோடு நின்று கத்தினார். "இனிமே இவள எந்த வண்டியில ஏத்துனாலும் முன்னாடியே உக்கார வையிங்கடா!" இதை எழுதும்போதே எனக்கு நாளைக்கு என்ன சொல்வது என்று தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வருமா என்பதுதான் தெரியவில்லை. பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிடுகிறேன். அம்மாவின் ஹேண்ட்பேக் சமையலறைக் கதவில் தொங்குகிறது. அங்கே போக ஹாலைத் தாண்ட வேண்டும்.

அங்கேதான் அன்று நிறுத்தினேன். மூன்று நாள் கழித்து, அதே துப்பட்டா, அதே விளக்கு, மிச்சத்தை எழுதுகிறேன்.

சனிக்கிழமை பெரியப்பா சரியாகப் பத்து மணிக்கு வந்தார். டீ குடித்தார். அம்மா போட்ட டீதான். சர்க்கரை கம்மி என்று இன்னொரு ஸ்பூன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பயப்படாமச் சொல்லுத்தா. பெரியப்பா இருக்கேன். ஒங்கம்மா எந்தச் சீட்லருந்து எறங்குனா?"

"முன் சீட்டு."

"பாத்தியாடா!" என்று அப்பாவின் தொடையில் தட்டினார். "புள்ள பொய் சொல்லாது."

"பின்னாடி மூணு நர்ஸ் உக்காந்திருந்தாங்க."

அப்பா நிமிர்ந்தார். "அன்னைக்கு நீ அதச் சொல்லலையே?"

"சொல்லல. வேணும்னேதான் சொல்லல. போனப் புடுங்கிட்டாங்கன்னு கோவம்." என் குரல் எலி மாதிரி வந்தது. மேடையில் கிளி மாதிரிப் பேசியவள்தான்.

"அது கெடக்கட்டும்" என்றார் பெரியப்பா. "மூணு பொம்பளைங்க இருக்கைல அவங்களோட ஏறாம அந்த ஆளு பக்கத்துல எதுக்கு ஏறணும்? அதச் சொல்லச் சொல்லு."

"ஹைமாவுல ஒங்க சட்டையில வாந்தி எடுத்தாங்கள்ல பெரியப்பா, அதுக்குத்தான். நீங்கதான சொன்னீங்க, எந்த வண்டின்னாலும் முன்னாடியே உக்கார வையிங்கடான்னு?"

சமையலறைக் கதவுப் பக்கம் நின்ற அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. பெரியப்பாவின் கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போய்க் காலரைத் தொட்டுப் பார்த்தது. "வாயப் பாரு. வளத்த லட்சணம்" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "பாஸ்போர்ட்டக் கொண்டா" என்றார்.

"அம்மா பையில வச்சிட்டேன்."

"யாரக் கேட்டு வச்ச?"

"எடுக்கும்போது அம்மாவக் கேக்கல, வைக்கும்போது ஒங்களக் கேக்கல."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா ஹேண்ட்பேக்கைக் கதவிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள், வீட்டுக்குள்ளேயே, வெளியே கிளம்புகிறவள் மாதிரி. அப்பா அந்தப் பையைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார். "டெஸ்ட் என்னைக்கு?"

"திங்கக்கெழம."

"அந்த ஆளு என்ன சொன்னாருன்னு அப்படிச் சிரிச்ச?"

"காதர் அண்ணன் லைசென்ஸ் எடுக்கறதுக்குள்ள ஒம்பது தடவ ஃபெயிலாம். ஒம்பதாவது தடவ போலீஸ்காரரே இவரக் கும்பிட்டுட்டு எறங்கிப் போனாராம்."

இவ்வளவுதான். இதை முதல் நாளே அவளிடமே கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கேன்சல் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. மன்னிப்பு என்ற பேச்சும் வரவில்லை. பெரியப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், அப்பளம் இரண்டு முறை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்பா விமானம் ஏறினார். அவர் போனதும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கதைகள் என்னையும் கெடுத்துத்தான் வைத்திருக்கின்றன. "ஒரு மாசத்துக்குப் போன் கெடையாது" என்றாள். "நர்ஸச் சொல்லாம விட்டதுக்கு."

இன்று திங்கள். அம்மா காலை காதர் அண்ணன் காரில் முன் சீட்டில் ஏறிப் போய், டெஸ்டில் ஃபெயிலாகி, அதே முன் சீட்டில் திரும்பி வந்தாள். சாயங்காலம் அப்பா அம்மாவின் போனில் கூப்பிட்டார். "கிளிகிட்டக் குடு" என்றிருக்கிறார். அம்மா என்னிடம் நீட்டினாள். "என்னடா கிளி, என்ன சேதி? அம்மா இன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். "இருங்கப்பா, அம்மாகிட்டயே குடுக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினாள்.

மகனே, பத்திரிகை அடித்துவிட்டாய், அதனால் நேராகச் சொல்கிறேன். உன் மனைவி எங்கே போனாள் என்று தெரிய வேண்டுமானால் அவளிடமே கேள். அவள் சொன்னால் நம்பு. நம்ப முடியாவிட்டால் அதையும் அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடு. நடுவில் ஒரு குழந்தையை உட்கார வைக்காதே. அந்தக் குழந்தை அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளும், பிறகு ஒருநாள் கோபத்தில் அதைக் கத்தியாக்கும். நான் ஒரு சீட்டை வைத்து என் அம்மாவை ஊருக்கு அனுப்பப் பார்த்தவள். அந்தப் புத்தி என்னைவிட்டு முழுதாகப் போய்விட்டது என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. வயதாகி, உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "ஒங்கம்மா யாரு கூட வந்தா?" என்று உன் பிள்ளையின் காதில் நானே ஒருநாள் கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால் இந்த நோட்டை எடுத்து வந்து, பிள்ளை முன்னாலேயே, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா